சவர்க்காரம் இறுகும் நேரம்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் காஜா பெராங்கில் ஒரு சவர்க்காரக் கொட்டகை நடந்தது. ஆட்களை நடத்தும் மண்டோர் பொன்னுதுரை. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். எந்த வேலையானாலும் சரக்கு எங்கே தேங்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

தேங்காயெண்ணெயும் சாம்பல் காரமும் கொதிக்கும். உப்பிட்டுத் திரட்டியதை ஆழமான மரப்பெட்டிகளில் ஊற்றி, இறுகியதும் வெட்டுவார்கள். வெட்டுகிறவர்களில் ஒருவன் கலியாணசுந்தரம், பொன்னுதுரையின் தங்கை சாரதாம்பாளின் கணவன்.

சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ராணுவத்துக்குச் சரக்குக் கொடுத்ததால் கொட்டகையில் யாரையும் தொடவில்லை. ஒருநாள் ஜப்பானிய அதிகாரி வந்தான். சவர்க்காரம் போதவில்லை, கூடாவிட்டால் கொட்டகையை மூடி எல்லாரையும் சயாமுக்கு அனுப்புவேன் என்று சொல்லிப் போனான்.

பொன்னுதுரை நின்று பார்த்தார். கொதிப்பதில் தாமதமில்லை. பெட்டியின் நடுப்பகுதி இறுக மறுநாள் ஆகிறது. அதுவரை வெட்டுகிறவர்கள் கத்தியோடு காத்து நிற்கிறார்கள். பழைய தகரத்தை மடக்கி ஆழமில்லாத தட்டுகள் செய்வித்து, காற்றுப்படும் இடத்தில் அடுக்கினார். காலையில் ஊற்றியது அன்றே இறுகியது. சேர்ந்து கிடந்த எண்ணெயெல்லாம் மளமளவென்று சவர்க்காரமாகப் போனது. அதிகாரி தலையாட்டினான்.

அதன்பின் செமாபோக் கிராமத்திலிருந்து அன்றன்றைக்கு வண்டியில் வரும் எண்ணெய் மட்டுமே மிச்சம். மதியத்திலேயே வேலை முடிந்தது.

"என்னா மச்சான், சாயங்காலம் வரைக்கும் ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றான் கலியாணசுந்தரம்.

"பாக்க நல்லாத்தானே இருக்கு? ஒக்காரு மாப்ளே."

தோட்டத்தில் தன் நிரை மரங்களைச் சீவி முடித்தவன் உட்காரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான் எல்லாரையும் உட்காரச் சொன்னார். அப்படி உட்கார்ந்திருந்தபோது அதிகாரி லாரியோடு வந்தான். வெட்டுகிறவர்களைக் கோலால் சுட்டினான்.

"துவான், எண்ணெய்தான் வரல. வந்தா இவங்க எல்லாருக்கும் வேல இருக்கு," என்று பொன்னுதுரை கெஞ்சினார்.

அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சரக்குக் கொறயலயாம் மண்டோரே. ஆளுதான் மிச்சமாம்."

லாரியில் ஏறிய கலியாணசுந்தரம் திரும்பி, "மச்சான், கத்தியில எண்ணெ தடவி வைங்க. துருப் பிடிச்சிரும்," என்றான்.

மறுநாளே தகரத்தட்டுகள் வெளியே போயின. மரப்பெட்டிகள் திரும்பின. மீதியிருந்தவர்கள் அரை நாள் வேலையை மாலைவரை இழுத்தார்கள். பொன்னுதுரை ஒருவரையும் உட்கார விடவில்லை. அதன்பின் அங்கிருந்து யாரும் சயாமுக்குப் போகவில்லை.

சண்டை ஓய்ந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். கலியாணசுந்தரத்தைக் காய்ச்சலில் பறிகொடுத்ததாக அவர்கள் சொன்னார்கள்.

சாரதாம்பாள் அழுது முடித்தபின் கேட்டாள்: "அன்னிக்கே கொஞ்சம் மெதுவா செய்யச் சொல்லியிருக்கலாமேண்ணே?"

"பெட்டியப் பாத்தேன், கத்தியப் பாத்தேன். எண்ணெ எவ்வளவு வருதுன்னு பாக்கலம்மா," என்றார் பொன்னுதுரை.