அன்னப்பூரணி அக்காவின் முதுகும் கச்சான் காற்றும்

குசினியின் பின்கதவுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு குதிகால்களையும் அம்மியில் ஊன்றிக்கொண்டு, அன்னப்பூரணி அக்கா மரவள்ளிக்கிழங்கு சீவுகிறார். கச்சான் காற்று வாவியைத் தாண்டி வந்து கதவை உள்ளே தள்ளுகிறது. அக்கா அதை வெளியே தள்ளுகிறார். கதவு அசைவதில்லை. அதனால்தான் வினை: பார்க்கிறவர்களுக்கு அவர் சாய்ந்து இளைப்பாறுவதாகத் தோன்றும்.

தேற்றாத்தீவில் பாதி வீடுகளுக்குக் கதவு செய்து கொடுத்தவர் அவருடைய கணவர், ஓடாவி அருமைநாயகம். சொந்தக் குசினிக் கதவுக்கு ஒரு கொளுக்கி போடத்தான் இரண்டு வருடமாக நேரம் வாய்க்கவில்லை. கேட்டால், "சும்மாதானே புள்ள சாஞ்சிக்கிட்டு இரிக்காய், நாளைக்குப் போடுவம்" என்பார். அந்தச் 'சும்மா' அக்காவுக்கு முதுகுவலியைவிடப் பெரிய வலி.

காற்றை அவர் முதுகாலேயே அறிவார். காலையில் அது "கண்டுக்குட்டி", மத்தியானத்துக்குப் பிறகு "எருமக்கடா". அதற்கேற்பக் காலை இறுக்குவார், தளர்த்துவார். ஒருநாள் அரிசி மூட்டையைக் காவலுக்கு வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் மூட்டை நடுக் குசினியில். சுளகில் ஆறப் போட்ட புட்டுமா வீடு முழுக்க.

சென்ற வாரம் ஏறாவூரிலிருந்து றிஷாட் வந்திருந்தார். புது வீட்டுக்கு ஏழு கதவுகள் செய்ய ஆள் தேடுகிறார். தன் கைவேலையைக் காட்ட ஓடாவியார் அவரைக் குசினிவரை கூட்டிவந்தார். வேலிக் கிடுகு பறக்கும் காற்றில் கதவு அப்படியே நிற்பதைக் கண்டு றிஷாட் வியந்துபோனார். சாய்ந்திருந்த அக்காவை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

"கொளுக்கியே இல்லாம நிக்குது தம்பி. அதுதான் பொருத்தம்" என்றார் அருமைநாயகம், நெஞ்சை நிமிர்த்தி.

பொருத்தமாம். அக்காவுக்குக் காதுவரை சூடேறியது. சீவிய கிழங்கைச் சட்டியில் போட்டார்.

"தம்பி தூரத்தில இருந்து வந்திரிக்காரு. தேத்தண்ணி ஊத்துறன்" என்று எழுந்தார்.

கதவு வாய் பிளந்தது. ஓடாவியார் பாய்ந்து முதுகைக் கொடுத்தார். கால் வழுக்கியது, அம்மி எட்டவில்லை. சிரிப்பை மட்டும் விடவில்லை. "முதிரைப் பலகை தம்பி" என்று மூச்சு வாங்கினார்.

அக்கா றிஷாட்டுக்கு ஒரு கோப்பை கொடுத்தார். கணவருடையதை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். தன்னுடையதை எடுத்துக்கொண்டு வாங்கில் அமர்ந்து, அவசரமே இல்லாமல் ஊதி ஊதிக் குடித்தார்.