ரெண்டு கையெழுத்துக் கணக்கு

போன வாரம் என் மகன் சோபாவில் சாய்ந்து, டீப்பாய் மேல் காலைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியிலேயே ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறந்துகொண்டிருந்தான். அவனும் அவனோடு படித்த ஒருவனும் சேர்ந்து ஏதோ தொழில் தொடங்குகிறார்களாம். என்ன தொழில் என்று மூன்று தடவை விளக்கினான், மூன்று தடவையும் தலையாட்டி வைத்தேன். முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினான். விரலால் கையெழுத்துப் போடச் சொன்னது, போட்டான். நடுவில் மட்டும் நிமிர்ந்து, "அம்மா, நீ பேங்க்தானே, இதுல என்ன போடணும்? கையெழுத்து யாராவது ஒருத்தரா, ரெண்டு பேரும் சேர்ந்தா?" என்று கேட்டான்.

முப்பது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவளுக்கு இதற்குப் பதில் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகக் கூடாது. நானோ "உங்க ஆடிட்டரைக் கேளுடா" என்று தட்டிக் கழித்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா உப்பு ஜாடியைத் திறந்து மூடினேன். இப்போது பாக்கெட்டில் வருகிற தூள் உப்புக்கு வாசனையே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? உப்பளப் பாத்தியிலிருந்து வாரி ஈரம் காயாத கல் உப்புக்கு ஒரு வாடை உண்டு. கொஞ்சம் சேறு, கொஞ்சம் கடல், கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு. அந்த வாடையில் மூன்று வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான்.

2004 தொடக்கத்தில் என்னை மரக்காணத்துக்கு மாற்றினார்கள். வீடு திண்டிவனத்தில். காலை பஸ் ஊரை நெருங்கும்போது காற்று மாறும், புடவை பிசுபிசுக்கும், ரோட்டோரம் உப்பு அம்பாரங்கள் கண்ணைக் கூச வைக்கும். அந்தக் காற்றுக்கு வங்கி, உப்பளம் என்ற பேதமெல்லாம் கிடையாது. எங்கள் ஸ்டேப்ளர் பின் ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும். பீரோ சாவி திரும்பாது. கீபோர்டில் சில எழுத்துகளை அமுக்கினால் எழும்பி வராது, நகத்தால் நெம்பித் தூக்கிவிட வேண்டும். ஏசி போட்ட கண்ணாடி அறைக்குள் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அதனிடம் போக வேண்டுமென்றால் செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். ஊரில் கோயிலுக்கு அடுத்தபடியாக அந்த அறைக்குத்தான் மரியாதை. எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள், அதனால் நான் அந்த ஊருக்கே பெரிய கம்ப்யூட்டர் மேதாவி.

அந்த மேதாவியின் கவுண்டருக்குத்தான் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவர் ஏழுமலை. உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர், ஒல்லி, உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெளுத்து வெடித்த பாதம். இன்னொருவர் அந்தோணி. சொந்த லாரி, தானே ஓட்டுவார், நாற்காலி கொள்ளாத உடம்பு. ஏழுமலை விளைவிக்கிற உப்பை அந்தோணி வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஏற்றிப்போவார். அங்கே கம்பெனி பெயருக்குத்தான் செக் தருவோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்காக இரண்டு பேர் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து ஒரு கம்பெனி உண்டாக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஆளுக்கு ஒரு போட்டோ வேணும்" என்றேன். ஸ்டுடியோவில் தோளோடு தோள் உரசி எடுத்துக்கொண்ட ஒரே போட்டோவை நீட்டினார்கள். விண்ணப்பத்தில் தனித்தனியாக இரண்டு கட்டம் இருந்தது. வெட்டவும் மனசில்லாமல், இரண்டு கட்டத்தின் மேலும் படும்படி அப்படியே ஒட்டிவிட்டேன். அடுத்த வருஷம் வந்த இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பாட்டம் திட்டி, ரிப்போர்ட்டிலும் எழுதிவிட்டுப் போனார்.

கையெழுத்து யார் போடுவது என்ற இடம் வந்தது. "யாராவது ஒருத்தர் போட்டா போதும்னு வைங்கண்ணா. இவர் லாரியில போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று நான் நல்லதைத்தான் சொன்னேன்.

"இவன் இல்லாம நான் ஒரு பீடி கூட பத்த வக்கிறதில்ல மேடம். ரெண்டு பேரும்னே போடுங்க" என்றார் ஏழுமலை.

"ஆமா மேடம். அப்பத்தான் வாரத்துக்கு ஒரு வாட்டியாவது இவன் மூஞ்சிய வந்து பாக்கணும்னு ஆவும்" என்றார் அந்தோணி.

திரையில் அதற்கு ஒரே ஓர் எழுத்துதான். தட்டினேன். மேனேஜர் தன் பாஸ்வேர்டைப் போட்டு ஒப்புதல் கொடுத்தார். அவ்வளவுதான், கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை அளத்தில் கூலி நாள். காலையில் இருவரும் சேர்ந்து வருவார்கள். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சண்டை நடக்கும். "நீ போடு பெரிய மனுசா", "நீ போடுடா மொதலாளி" என்று பேனா இரண்டு தடவை கை மாறும். அந்தோணி தமிழில் கையெழுத்துப் போட்டு, அதன் தலையில் ஒரு சின்னச் சிலுவை வைப்பார். நான் திரையில் வருகிற மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்துப் பணம் கொடுப்பேன். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில், அந்தோணி உப்பு ஏற்றுகிற லாரியில் எக்கியார்குப்பத்து ஜனங்களை ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனார். அளத்தில் வேலையே நடக்காத அந்த வாரங்களிலும் இரண்டு கையெழுத்தோடு கூலி செக் தவறாமல் வந்தது. அப்படிப்பட்டவர்கள்தான் பிறகு பேசாமல் போனார்கள்.

2005 ஐப்பசி. அம்பாரத்தை உடனே ஏற்றிவிடலாம் என்றார் அந்தோணி. மழையில் விலை ஏறும், ஓலை போட்டு மூடி வைப்போம் என்றார் ஏழுமலை. அந்த வருஷ மழைதான் உங்களுக்குத் தெரியுமே. பாதி உப்பு தண்ணீராகிக் கழுவெளி ஏரிக்கே திரும்பிப் போய்விட்டது. அதற்காக அந்தோணி ஒரு வார்த்தை பேசவில்லையாம். கரைந்ததைப் பார்த்த ஆத்திரத்தில் ஏழுமலைதான், கூலியாட்கள் நடுவில், "ஸ்டியரிங் புடிக்கிறவனுக்கு உப்பப் பத்தி இன்னாடா தெரியும்?" என்று கத்திவிட்டார். அந்தோணி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு லாரியை எடுத்தவர், பிறகு அளத்துப் பக்கமே வரவில்லை. லாரிக்கு ஒரு ஆளைப் போட்டு அனுப்பினார். இது எங்கள் கடைநிலை ஊழியர் எனக்குச் சொன்ன சேதி.

அதற்கடுத்த திங்கட்கிழமை அந்தோணி மட்டும் வந்தார். இருவரும் முன்பே கேட்டிருந்த புது செக் புத்தகம் தயாராக இருந்தது. வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். குனிந்து வெகுநேரம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு நல்ல கூட்டம், சலான் நிரப்புகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு எழுந்து வந்து புத்தகத்தை என்னிடமே நீட்டி, "ஏழுமல வந்தா குடுத்துடுங்க மேடம்" என்றார். கொடுத்தேன். உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இதில் என்னை நானே இன்னும் திட்டிக்கொள்வதுண்டு.

சனிக்கிழமை கூலி செக் வந்தது. ஏழுமலை தனியாகத்தான் வந்தார். ஆனால் செக்கில் இரண்டு கையெழுத்து இருந்தது, சிலுவை உட்பட. திரையோடு ஒத்துப் பார்த்தேன், அச்சு அசல் அந்தோணி. அப்பாடா என்றிருந்தது. ஊர் ஆயிரம் சொல்லட்டும், வாரா வாரம் எங்கேயோ பார்த்துக் கையெழுத்து வாங்குகிறார், கோபம் ஆறிவிட்டது என்று முடிவு கட்டினேன். ஊழியரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். கம்ப்யூட்டர் பார்த்துச் சொன்ன சேதியல்லவா? எட்டு மாதம் இந்த நம்பிக்கையில் ஓட்டினேன்.

2006 ஜூன் வாக்கில் ஏழுமலை ஒரு கடிதத்தை நீட்டினார். கணக்கை முடித்து, மீதியைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தரக் கோரி, இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"என்னண்ணா இது? நல்லாத்தானே போயிட்டிருந்தது?"

"அவன் லாரிய வித்துட்டு பொம்மையார்பாளையம் பக்கம் போறானாம் மேடம். நானும் அளத்த விட்டுட்டேன்."

"இதை அவர்கிட்ட பேசினீங்களா?"

"எங்க பேசறது. டீக்கடையில குடுத்து வச்சுட்டுப் போயிருந்தான்."

அப்படியானால் சனிக்கிழமை செக்கெல்லாம் எப்படி என்று கேட்டேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "சிஸ்டம் டவுன், அடுத்த வாரம் வாங்க" என்றேன். அடுத்த வாரம், "காலாண்டு முடிவு, சிஸ்டம் ஒத்துக்காது" என்றேன். சிஸ்டம் என்றால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள், நானே கேட்டதில்லை. நாள் போனால் மனசு மாறும் என்று ஒரு நப்பாசை. மேனேஜர் பிடித்துக்கொண்டார். எல்லாக் கிளைகளையும் ஒரே இடத்தில் சேர்க்கிற புது மென்பொருள் வரப்போகிறது, அதற்குள் முடிக்க வேண்டியதை முடித்துத் தொலையுங்கள் என்று மேலே இருந்து நெருக்கடி. "அவங்க வீட்டுப் பஞ்சாயத்தெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார். கடைசியாக ஒரு பொய் சொன்னேன்: இரண்டு பேரும் ஒரே நாளில் நேரில் வந்தால்தான் சிஸ்டம் கணக்கை மூடும்.

வந்தார்கள். ஒரு முழ இடைவெளியில் இரண்டு நாற்காலி போட்டு, இரண்டு டீ வரவழைத்து, பெண் பார்க்க வந்தவர்களை உட்கார வைப்பது போல உட்கார வைத்தேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான் வெயிலைப் பற்றிப் பேசினேன். அதற்கு இரண்டு பேரும் என்னிடம்தான் ஆமாம் என்றார்கள். வேறு வழியில்லாமல், "மீதி செக்கைக் கொடுங்கண்ணா" என்றேன்.

ஏழுமலை மஞ்சள் பையிலிருந்து, பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய புத்தகத்தை எடுத்து வைத்தார். பிரித்தேன். பதினாறு செக் மீதி இருந்தது. தேதி இல்லை, தொகை இல்லை, பெயர் இல்லை. ஆனால் பதினாறிலும் கீழே அந்தோணியின் கையெழுத்து, தலையில் சிலுவையோடு.

எனக்கு அந்தத் திங்கட்கிழமை அப்போதுதான் விளங்கியது. ஐம்பது செக்கிலும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். ஏழுமலை நினைத்திருந்தால் ஒரே செக்கில் மொத்தத்தையும் துடைத்து எடுத்திருக்கலாம். எட்டு மாதமாகக் கூலிக்கு மேல் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கவுண்டரில் அழக் கூடாது என்பது சட்டமில்லாத சட்டம், அதனால் குனிந்துகொண்டேன்.

"இவ்ளோ நம்பிக்கை வச்சிருக்கீங்களே, அப்புறம் எதுக்குண்ணா மூடறீங்க?" என்றேன் அந்தோணியிடம்.

"காசு விசயத்துல அவன் மேல எனக்கு என்னிக்கும் சந்தேகம் வந்ததில்ல மேடம்" என்றார், பக்கத்தில் இருப்பவர் எங்கோ வெளியூரில் இருப்பது மாதிரி. "மூஞ்சியப் பாத்தாத்தான் அந்தப் பேச்சு ஞாபகம் வருது."

ஏழுமலை வாயைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். நானே எடுத்துக் கொடுத்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை பொய்யும் சொன்னேன், நிமிஷம் வந்தபோது பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டு சும்மா இருந்தேன்.

மீதிப் பணத்துக்கு ஒரு செக் எழுதி, ஏழுமலை தன் கையெழுத்தைப் போட்டார். மற்ற பதினைந்தையும் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்ய வேண்டும். அதை அவர்களையே செய்யச் சொல்வது வழக்கம். பேனாவை நீட்டினேன். ஏழுமலை வாங்கவில்லை.

"அவன் கையெழுத்து மேல நீங்களே கோடு போடுங்க மேடம். எனக்குக் கை வரல."

அந்தோணி சடாரென்று எழுந்தார். தன் பங்கைத் தன் சொந்தக் கணக்கில் போட்டுவிடச் சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெளியே போய்விட்டார். நான் பதினைந்திலும் கோடு போட்டேன். வருஷம் முழுக்கப் படுத்தி எடுத்த அந்தப் பாழாய்ப்போன சிஸ்டம் அன்றைக்கு ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது. மூடலாமா என்று கேட்டது. ஆம் என்று தட்டினேன். அந்தோணியின் டீ ஆறிப்போயிருந்தது. ஏழுமலை அதையும் எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் புது மென்பொருள் வந்தது. உயிரோடிருக்கிற கணக்குகள் மட்டும் அதற்குள் போயின, மூடியவை பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டன. அதன் வயிற்றை உப்புக் காற்று எப்போதோ அரித்திருந்தது. ஒரு நாள் இரண்டு பேர் வந்து கோணியில் கட்டித் தூக்கிப் போனார்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கார்த்திகையில், நல்ல மழையில், அந்தோணி வந்தார். சுற்றி வளைக்காமல், "அந்தக் கணக்கத் திரும்பத் தொறக்க முடியுமா மேடம்?" என்றார்.

நம்பரைத் தட்டினேன். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது. பெயரைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் இல்லை.

"இல்லன்னா? எங்க போச்சு?"

"புதுசா ஆரம்பிக்கலாம்ணா. ரெண்டு பேரும் வந்தா போதும்" என்றேன்.

"கூப்ட்டுப் பாக்கறேன்" என்றார். வாசலில் மழை விடுவதற்காக நின்றவர், விடுவதற்குள் இறங்கி நடந்துவிட்டார். நான் ஒரு புது விண்ணப்பத்தை எடுத்து, இருவர் பெயரையும் முகவரியையும் நிரப்பி டிராயரில் வைத்தேன். டிசம்பர் கடைசியில் எனக்கு மாற்றல் வந்தது. பொறுப்பை வாங்கிக்கொள்ள வந்த பெண், "மேடம், இது யாரு, பாதியில நிக்குது?" என்று அதைத் தூக்கிக் காட்டினாள். "வருவாங்க" என்றேன்.

அந்தக் கிளை இப்போது அந்தக் கட்டடத்தில் இல்லை. அந்த விண்ணப்பமும் இல்லை, காகிதத்தில் நிரப்புகிறவர்களும் இல்லை. ஈசிஆரில் எத்தனையோ தடவை போய்வந்துவிட்டேன். பொம்மையார்பாளையத்தில் வண்டியை நிறுத்தி, லாரி அந்தோணி வீடு எது என்று கேட்டால் யாராவது காட்டுவார்கள். கேட்டதில்லை. வந்தார்களா, வரவில்லையா என்று இந்நாள்வரை எனக்குத் தெரியாது. வரவில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.