ஏறியவர் 386, இறங்கியவர் 385

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். இதில் ஓர் உயிர் போயிருக்கிறது. பூட்டியது என் கை.

தலைநகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஏறுகிற உயரமான கோபுரம் அது. உச்சியில் கண்ணாடிச் சுவர் போட்ட கூடம். லிஃப்ட் வாசலில் ஆள் எண்ணுவது என் வேலை. இரண்டு கையிலும், அமுக்க அமுக்க எண் கூடும் சின்னக் கருவி. ஏறுகிறவருக்கு இடது, இறங்குகிறவருக்கு வலது. சாயங்காலம் ஐந்தரைக்கு இரண்டும் ஒத்துப்போனால் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். முட்டி வலி என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டு விலகிக்கொண்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு முட்டி வலியா என்று வீட்டில் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்வோம்.

அன்று கடுங்குளிர். மணி 5:34. இடது கையில் 386. வலது கையில் 385. ஒரு ஆள் குறைகிறது.

வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். மனைவி மூன்று தடவை போன் பண்ணிவிட்டாள். மனசுக்குள் திட்டிக்கொண்டே மேலே போனேன்.

தொலைநோக்கி பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். நீல ஸ்வெட்டர். முதுகுதான் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது.

"நேரமாச்சும்மா, வாங்க."

அவள் கண்ணை எடுக்கவில்லை. அந்தத் தொலைநோக்கியில் காசு போட்டால் இரண்டு நிமிஷம் ஊர் தெரியும். டிக் டிக் என்று ஓடும். அப்புறம் உள்ளே மூடி விழுந்து ஒரே கறுப்பு. அப்போது எந்தச் சத்தமும் இல்லை...

அவள் அந்தக் கறுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்து லிஃப்டில் ஏறினாள். ஒரு ஆள் கால் வைத்தாலே லேசாக அமுங்குகிற லிஃப்ட். அமுங்கவில்லை.

5:41. கதவு மூடியது. மேலே எங்கோ டொக்... டொக்... கம்பிச் சத்தம் என்று நினைத்தேன்.

"நான்தான் கடைசியா?"

"ஆமாம்மா."

கீழே வந்தோம். வலது கையை அமுக்கினேன். 386. நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

வேகமாக நடக்கிறவள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூட்டினேன்.

மறுநாள் காலை 8:10. வருகிறவர்கள் பையை வைத்துவிட்டுப் போகிற பெட்டிகளில் பதினேழாம் நம்பர் சாவி வரவில்லை. உடைத்துத் திறந்தோம். சின்னப் பை. உள்ளே இருதய மாத்திரை. லிஃப்டுக்கு ஓடினேன்.

மேலே லிஃப்ட் கதவை ஒட்டி ஒரு பெரியவர் கிடந்தார். பழுப்புக் கோட்டு. இரண்டு கையும் தட்டித் தட்டி வீங்கியிருந்தன. கழிப்பறையில் மயங்கி விழுந்து எழுந்திருக்கிறார் என்றார்கள். விடியற்காலை மூன்று மணிவரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். ஒரு ஆள் குறைந்தது, ஒரு ஆள் கிடைத்தாள். அதனால் கழிப்பறையை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பாவம் என்னுடையது.

கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார்கள். நான் பேசுகிறேன். கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். யாருக்கு... என்றுதான் தெரியவில்லை.

மச்சான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீல ஸ்வெட்டரா?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவரும் எண்ணிக்கை சரி என்று பூட்டியிருக்கிறார். காலையில் மேலே விறைத்துக் கிடந்தது அவள்தான்.

"அன்னைக்கு நீங்க யாரைக் கூட்டிட்டு வந்தீங்க மச்சான்?"

அவருக்கு முட்டி வலி என்று ஒன்று இருந்ததே இல்லை.

நானும் வேலையை விட்டேன். எனக்குப் பதிலாக வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஒருவர் கிடைத்தாலும் அதோடு நிற்காமல் எல்லா அறையையும் பாருங்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். முப்பது வருஷமாக ஆள் எண்ணியவனுக்கே பாடமா என்று சிரித்தார்.

நேற்று சாயங்காலம் 5:52. அவரிடமிருந்து போன்.

"தம்பி, இன்னைக்கு ஒரு ஆள் குறைஞ்சுது. பயந்துடாதீங்க, கெடைச்சுட்டாரு. பழுப்புக் கோட்டு போட்ட ஒரு பெரியவர். பூட்டிட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"லிஃப்ட் கம்பிதான் மேல டொக் டொக்குனு சத்தம் போடுது... காலைல ஆள் கூப்பிட்டுப் பாத்துக்கலாம்."