இருபத்தெட்டைத் தாண்டாத வீடு

காலை ஏழு மணிக்குள் ஞானாம்பிகை வீட்டின் ஜன்னல்கள் அத்தனையையும் அடைத்துவிடுவார். விடியும்போது அவரே திறந்துவிட்டவைதான். ஆற்றுப் பக்கமிருந்து வந்த குளிர் வந்தவரைக்கும் லாபம், இனி வெயிலுக்கு இங்கே வேலையில்லை. திரைச்சீலைகளை இழுத்து, நடுவில் கீறலாகத் தெரியும் வெளிச்சத்தையும் உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் கவ்விவிடுவார். பிறகு தெர்மோஸ்டாட்டிலுள்ள சின்னச் சுவிட்சை ஒரு பக்கம் தள்ளுவார். கீழே, நிலத்துக்கடியிலிருக்கும் பேஸ்மென்டில், குளிர்காலம் முழுவதும் வீட்டைச் சூடாக்கிவிட்டுச் சும்மா நிற்கும் ஃபர்னஸ், சூடில்லாமல் விசிறியை மட்டும் சுழற்றத் தொடங்கும்.

"சூடு மேல ஏறும். குளிர் கீழ படுத்துக் கிடக்கும். படுத்துக் கிடக்கிறதை எழுப்பி வேலைக்கு விடோணும், அவ்வளவுதான்" என்பார். பத்தொன்பது வருடம் ஹோட்டல் சலவைக் கூடத்தில் நீராவிக்குள் நின்றவர். வெக்கையைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க யாராலும் முடியாது. பேஸ்மென்டில் காற்றை உள்ளிழுக்கும் பெரிய துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டு, அங்கே காற்று வெளியே வரும் சின்னத் துவாரங்களைப் பழைய துவாய்களால் அடைத்து வைத்திருக்கிறார். இழுத்த குளிர் மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. மத்தியான வேளைகளில் கூடத்துத் தரையிலிருக்கும் துவாரத்துக்கு நேரே கதிரையைப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு பயற்றங்காய் முறிப்பார்.

லொங்குய் என்ற அந்தக் குளிர்நாட்டு ஊரில் அவருடைய தெருவில் ஏசி இல்லாத வீடு அது ஒன்றுதான். எதிர்வீட்டு அருமைராசா ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார். "ஞானக்கா, வீடு சூடாக்கிற மிசினைக் கோடையில போட்டு வைச்சிருக்கிறியளாம். உங்களுக்கென்ன விசரே?"

"அதில ஃபேன் வேற, சூடு வேற. உங்கட வாயும் மூளையும் மாதிரி. ஒண்டு ஓடேக்க மற்றது ஓடவேணும் எண்டில்லை."

அருமைராசா அதற்குப் பிறகு வேலிப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மகன் டெனிஸ்டனை அப்படிக் குறைக்க முடியவில்லை. போன கோடையில் அம்மா வாசற்படியில் தலைசுற்றி விழுந்ததிலிருந்து அவனுக்கு ஒரே கதைதான். வீட்டை விற்க வேண்டும், அம்மா லவால் நகரில் தன்னுடைய பதினோராம் மாடி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அங்கே ஏசி இருக்கிறது, ஜன்னல்தான் திறக்காது. அவன் பயம் பொய்யில்லை என்று ஞானாம்பிகைக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் சுவிட்ச் தன் கையில் இராது என்பதும் தெரியும். இங்கே அவர் வீட்டுக்காரி, அங்கே விருந்தாளி. "நீங்கள் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால்" என்று மகன் அவருடைய பிடிவாதத்தைக் குறை சொன்னபோது, "நாலாவது காலை நீ கொண்டுவந்து காட்டு" என்றார்.

அப்படித்தான் பந்தயம் வந்தது. ஜூலையில் மூன்று நாள் கடும் வெக்கை என்று வானொலி சொன்னதும் டெனிஸ்டன் ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். மூன்றாம் நாள் பின்னேரம் ஐந்து மணிவரை கணக்கு. அதிகபட்சம் எவ்வளவு ஏறியது என்பதையும் அந்தக் கருவி நினைவில் வைத்திருக்கும்.

"இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் என்னோட வாறியள்."

"தாண்டாட்டி?"

"வீடு விக்கிற கதையை நான் எடுக்கிறேல்லை."

முதல் நாள் இருபத்தாறு. இரண்டாம் நாள் இருபத்தாறரை. வெளியே முப்பத்துநான்கு. மூன்றாம் நாள் காலை மருமகள் துஷாந்தினி போன் எடுத்து, "மாமி, தூள் முடிஞ்சுது" என்றாள். கறித்தூள் வறுக்க இந்த வெக்கையிலும் குளிராக இருக்கும் இடம் பேஸ்மென்ட்தான். அங்கே அதற்கென்றே ஓர் அடுப்பு இருக்கிறது. ஞானாம்பிகை தாச்சியை வைத்தார். மல்லியும் சீரகமும் வறுத்து இறக்கியபின் செத்தல் மிளகாயைக் கொட்டினார்.

வெண்ணெய் திரளும்போதுதானே தாழி உடையும். வழக்கமாக வறுக்குமுன் விசிறியை நிறுத்துபவர், மூன்று நாளாக அந்த இரைச்சல் காதுக்குப் பழகிப்போனதில் அன்று மறந்துவிட்டார். பெரிய துவாரம் மிளகாய்ப் புகையை அள்ளி இழுத்தது. படுக்கையறை, குளியலறை, சாமியறை என்று எந்த அறைக்கும் வஞ்சகம் செய்யாமல் பங்கிட்டுக் கொடுத்தது. புகை எச்சரிக்கை மணி அலறியது. ஞானாம்பிகை அடுப்பை அணைத்து, மேலே ஓடி, விசிறியை நிறுத்தி, துவாயால் வீசி மணியின் வாயை அடக்கினார். இருமல் வயிற்றைப் பிடித்து உலுக்கியது. கை தானாக ஜன்னல் கொளுக்கிக்குப் போனது.

திறந்தால் புகை போகும். வீடும் போகும்.

கையை எடுத்தார். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டார். விசிறி நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் வெப்பமானி இருபத்தேழு தசம் நாலுக்கு ஏறியிருந்தது. "ஏறிப்பார், ஏறிப்பார்" என்று அதைத் திட்டிவிட்டு விசிறியை மறுபடி போட்டார். பேஸ்மென்டுக்கு இறங்கி, கருகிய மிளகாயைப் பொறுக்கி எறிந்து, மிச்சத்தைத் திரித்தும் முடித்தார். தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டு அவருக்குப் பழக்கமில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் டெனிஸ்டன் வந்தான். கையில் ஒரு வெறும் சூட்கேஸ். கதவைத் திறந்தவன் இரண்டடி பின்னால் போனான்.

"என்னம்மா இது, கண்ணீர்ப்புகை அடிச்ச மாதிரி! ஜன்னலைத் திறவுங்கோ!"

"கையை எடு. இன்னும் பத்து நிமிசம் கிடக்கு."

"மூச்சு முட்டிச் செத்துப்போவியள்!"

"இருமுறது தூளுக்கு. வெக்கைக்கு இல்லை."

மகன் இருமிக்கொண்டே வெப்பமானியின் பொத்தானை அமுக்கினான். அதிகபட்சம் இருபத்தேழு தசம் எட்டு. இன்னொரு தரம் அமுக்கினான். அதே எண்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். இரண்டு கண்ணும் சிவந்து ஊற்றிக்கொண்டிருந்தன, ஆனால் துணிக்குமேல் அந்தக் கண்கள் சிரித்தன. பத்து நிமிடமும் இருவரும் நின்றபடி இருமினார்கள். ஐந்து மணி ஆனதும் ஞானாம்பிகை தன் கையாலேயே எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்தார்.

பிறகு சூட்கேஸை வாங்கிக்கொண்டு கீழே போனார். திரும்பி வரும்போது அது கனத்தது. "துஷாந்தினியின்ர தூள். மூண்டு போத்தில். கவிழாமல் கொண்டுபோ" என்றார். அவன் கையை நீட்டினான், அவர் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு படியிறங்கி, அவனுடைய காரின் முன்கதவைத் திறந்தார். அம்மாவுக்கென்று பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து வைத்திருந்த இருக்கையை நிமிர்த்தி, அதில் சூட்கேஸை நிறுத்தி, சீட் பெல்ட்டை இழுத்து அதற்கு மாட்டிவிட்டார்.