வேலியில் ஒரு ஓட்டை

காபித் தோட்டத்துச் சரிவில் இறங்கிப் பண்ணைக்காட்டுச் சாலையைப் பிடித்தபோது இடது கால் கட்டு நனைந்திருந்தது. பனி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனி சிவப்பாக இருக்காது என்று தெரிந்தும்தான். வலது காலில் செருப்பு, இடது காலில் உரச்சாக்குத் துண்டு. கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அங்கே எனக்கு நடந்த கொடுமைகளைச் சொல்ல வேண்டும். மண்வெட்டி பட்டுச் சீழ் வைத்த காலைக் கழுவினார்கள். அழுகிய சுண்டுவிரலை எடுத்தார்கள். மூன்று வேளையும் சோறு போட்டார்கள். இரண்டு வாரம் படுத்துக் கிடக்கச் சொன்னார்கள். முதல் மூன்றையும் பொறுத்துக்கொண்டேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாளிலிருந்து ஓரிடத்தில் இரண்டு வாரம் கிடந்த பழக்கம் எனக்கில்லை. நடந்தால் பாதமே கணுக்காலோடு போய்விடும் என்று தலைமை நர்ஸ் சிஸ்டர் சொல்லியிருந்தார். கொடைக்கானலில் கேரட் மூட்டை தூக்க அந்தப் பாதம் வேண்டும். ஆகவே அது போவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நடந்தேன்.

என் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அந்தச் சபையை நிறுவிய அம்மையாரின் படம். மாலைச் செபம் முடிந்ததும் அவர் கதையை வாசிப்பார்கள். கடல் தாண்டி வந்தார், மலை மலையாக நடந்தார், ஓர் ஊரில் ஆஸ்பத்திரி எழும்பியதும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதற்காக அவருக்கு மாலையும் அணையாத பல்பும். அதையே நான் செய்தால் ஊர்சுத்தி. நான் ஆஸ்பத்திரி எதுவும் கட்டவில்லை, உண்மைதான்.

ஒரே தவறு, அன்று வியாழக்கிழமை என்பதை மறந்தது. வியாழன்தோறும் சிஸ்டர்கள் மருந்துப் பெட்டியோடு ஜீப்பில் மலைக் கிராமங்களுக்குப் போவார்கள். இரண்டாவது வளைவில் ஜீப் என்னைத் தாண்டிப் போய் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

“சிஸ்டர், நம்ம பதினோராம் நம்பர் கட்டிலு நடந்து போகுது.”

தலைமை நர்ஸ் இறங்கி வந்தார். திட்டுவார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சாலையோரக் கல்லில் என்னை உட்காரவைத்து, கட்டை அவிழ்த்து, குனிந்து புண்ணை முகர்ந்து பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

“இன்னும் அழுகல. சாயந்தரம் வரைக்கும் நடந்திருந்தீங்கன்னா மதுரைக்குத்தான் அனுப்பியிருக்கணும், அறுக்கிறதுக்கு,” என்றார். புதுக் கட்டுப் போட்டு முடித்ததும் கேட்டார்: “எந்த வழியா வெளிய போனீங்க?”

“சமையக்கட்டுக்குப் பின்னால வேலியில ஓட்ட கெடக்கு சிஸ்டர்.”

என்னை ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுபோய் விட அவர்களுக்கு நேரமில்லை. அன்று முழுக்க ஜீப்பில் காலை மருந்துப் பெட்டிமேல் நீட்டியபடி ஊர் ஊராகப் போனேன். ஒவ்வொரு ஊரிலும் என் காலைக் காட்டி, காயத்தை அசட்டை செய்தால் என்ன ஆகும் என்று விளக்கினார்கள். ஓர் ஊரில் ஒரு கிழவர் கிட்டே வந்து பார்த்துவிட்டு, “ஏலே, படிச்சவன் மாதிரி இருக்க, புத்தி இல்லையே,” என்றார். முதல் பாதிக்காக அவரை மன்னித்தேன்.

மறுநாள் வெள்ளனே கஞ்சி குடித்ததும் டிரைவர் இரண்டு முக்காலிகளைச் சமையற்கட்டின் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார். ஒன்று எனக்கு, ஒன்று என் காலுக்கு. கையில் கம்பிச் சுருளும் குறடும் கொடுத்தார். கூலி உண்டு, எழுந்து நிற்கக் கூடாது, இது சிஸ்டர் உத்தரவு.

வேலி ஓட்டையை எந்தப் பக்கம் உட்கார்ந்து கட்ட வேண்டும் என்று கேட்டேன்.

“உள்பக்கம்ணே,” என்றார்.