கூட்டிப் பிரித்த மழை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் பதுளையில் ஒரு திட்டமிடல் அலுவலகத்தில் வேலை செய்தேன். காலநிலை மாதிரிகளை வாசிக்கப் பழக்குகிறோம் என்று கொழும்புக்குக் கூப்பிட்டு, கட்டம் கட்டமாக நிறம் பூசிய வரைபடங்களைக் கையில் தந்து அனுப்பினார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து என் நிம்மதி போயிற்று. "சார், தை மாசம் மகளுக்குக் கல்யாணம். மழை வருமா?" என்று தேநீர்க்கடைக்காரர் கேட்பார். இது சாத்திரம் இல்லை ஐயா, இன்னும் இருபது முப்பது வருடத்தில் மழையின் போக்கு எப்படி மாறக்கூடும் என்று பார்க்கிற கணக்கு என்பேன். "அப்ப எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லன்னு சொல்லுங்க" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரையாவது மன்னிக்கலாம். என் மேலதிகாரி படித்தவர், என்னைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவரை என்ன செய்வது?

ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில், செங்குத்தான சரிவின் அடியில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிய ஒரு லயம் இருந்தது. அந்த வீடுகளுக்குத் தண்ணீர் தரும் ஒரே ஊற்றுப் பீலி கோடையில் வற்றிவிடும். மழைக்காலத்தில் மலைத்தண்ணீர் இறங்கிப் பின்சுவர்களில் மோதும். தண்ணீர்த் தாங்கி கட்டுவதா, சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடியக் கான் வெட்டுவதா என்று முடிவு செய்யக் கூட்டம் வைத்தார்கள். நான் வரைபடங்களை விரித்தேன். சில மாதிரிகள் வறட்சி கூடும் என்றன. சில பெருமழை கூடும் என்றன. எது வந்தாலும் தாங்குகிற மாதிரித் திட்டம் போடுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

மேலதிகாரி கால்குலேட்டரை எடுத்தார். எல்லா மாதிரிகளின் எண்களையும் கூட்டினார், சராசரிக்குப் பிரித்தார். "கிட்டத்தட்டப் பூச்சியம். ஒரு மாற்றமும் இல்லைக் காணும். பிறகென்னத்துக்குத் தாங்கி, என்னத்துக்குக் கான்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "சேர், ஒரு டொக்டர் வெட்ட வேணும் எண்டுறார், மற்றவர் சேலைன் ஏத்த வேணும் எண்டுறார். ரெண்டையும் கூட்டிப் பிரிச்சு, நோயாளிக்கு ஒண்டுமே செய்யாமல் விடுறதோ?"

"உமக்கு வாய் கூடிப்போச்சு. அடுத்த வருசம் பாப்பம்."

இந்த அழகான முடிவைத் தோட்டத்துக்குப் போய்ச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. லயத்தின் கடைசி வீட்டில் இருந்த பெண், கொழுந்துக் கூடையை இறக்காமலே நின்று கேட்டார். பிறகு சொன்னார்: "ரெண்டுல ஒன்னாவது குடுங்கய்யா. எதுன்னாலும் பரவால்ல. புள்ளைங்க அந்தச் செவுத்தோரந்தாங்க படுக்குது."

திரும்பி வந்து இரண்டும் வேண்டுமென்று அறிக்கை எழுதினேன், மறுபடி சண்டை பிடித்தேன். "இவருக்கு மழை விசர்" என்று அலுவலகமே கேலி செய்தது. கேலி செய்யட்டும். ஒருவராவது அந்தச் சுவரை வந்து பார்த்தாரா?

அடுத்த வருடம் ஆடியிலேயே பீலி வற்றியது. பெண்கள் வேலை முடிந்த களைப்போடு பள்ளத்து ஓடைவரை குடம் சுமந்தார்கள். ஐப்பசியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஒரு முற்பகல், எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வீட்டின் பின்சுவர் சேற்றோடு உள்ளே சரிந்தது. கூரையும் கூடவே வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பினார்கள். அந்தக் குடும்பத்தைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தார்கள். பகலில் கைக்குழந்தைகள் கிடக்கும் இடம், இரவில் அவர்களுடைய வீடு.

வருட முடிவில் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீரே காணும், வருசத்து மழையைக் கூட்டிப் பாத்தால் வழக்கம் போலதான். நான் சொன்ன மாதிரி ஒரு மாற்றமும் இல்லை."

"அப்ப சேர்," என்றேன், "அந்த மனிசியை வீட்டுக்குப் போகச் சொல்லட்டோ?"