டைல்ஸுக்கு அடியில் ஒரு கால்வாய்

மூன்று வருடங்களுக்கு முன், மாரண்டஹள்ளியில் புது வீடு கட்டிக் குடிபோகவிருந்த சமயம். கார் ஏற வசதியாக, வாசலில் இருந்த தெருக் கால்வாயின்மேல் சரிவாகக் கான்கிரீட் போட்டு டைல்ஸ் பதிக்க ஏற்பாடு செய்தேன். கால்வாய் அள்ள வரும் பெண்மணி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு சிலாப்ப மட்டும் தூக்குறாப்புல உடுங்க சார். மண்ணு சேர்ந்தா அள்ளணுமில்லீங்க" என்றார். தலையாட்டினேன். ஆனால் நடுவில் வெட்டு விழுந்தால் டைல்ஸ் எடுப்பாக இருக்காது என்று முழுவதையும் மூடிவிட்டேன். குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்த ஊரில் வெள்ளமாவது வருவதாவது என்ற தெனாவட்டுதான்.

அடுத்த கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை தெருத் தண்ணீர் எதிர்வீட்டுக்குள் புகுந்தது. அங்கே தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் தனியாக இருந்தார். தெருவைவிடத் தாழ்வான, மண்சுவர் வைத்த வீடு. எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னால் கேட்கவில்லை. குடத்தால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார். சுவர் ஊறினால் வீடே உட்கார்ந்துவிடும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேரூராட்சிக்குப் போன் போட்டு, கால்வாயை ஒழுங்காக அள்ளியிருந்தால் இந்தக் கதி வருமா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன்.

அரை மணி நேரத்தில், கால்வாய் அள்ளும் அதே பெண்மணி, உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கடப்பாரையும் நீளக் கம்பியுமாக வந்தார். கால்வாய்க்குள் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டே போனார். என் வாசலுக்கு அடியில் கம்பி நின்றது.

"இங்கதாங்க சார் அடச்சிருக்குது. ஒடைக்கட்டுங்களா?"

முன்பே சொன்னதை அவர் குத்திக்காட்டவில்லை. நான் கடப்பாரையை வாங்கி நானே உடைத்தேன். உள்ளே மண், கூடவே என் டைல்ஸ் வேலையில் மிஞ்சிய காலி சிமென்ட் பைகள். அவற்றை இழுத்துப் போட்டதும் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. அக்காவின் வீடு தப்பியது. ஆனால் பின்சுவர் மட்டும் சாயங்காலம் சரிந்தது.

அடைப்பு எங்கே இருந்தது என்று அக்காவுக்குத் தெரியாது. நானே போய்ச் சொன்னேன். "நீங்கதான் போன் போட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தேன் சார்" என்றார். அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

இப்போது எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் தூக்கும் சிலாப்புதான். ஐப்பசி பிறப்பதற்குள் தெருவே சேர்ந்து மண் அள்ளிவிடுகிறோம். என் வீடு உயரத்தில் இருக்கிறது என்ற நிம்மதி மட்டும், மழை பிடித்தால் எனக்கு வருவதேயில்லை.